"இரண்டு கிட்னியும் நார்மல்" என்று எழுதிக் கொடுத்த ஸ்கேன்

என் தம்பிக்கு 2013-இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தது எங்கள் அம்மா. 2024-இல் அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. உள்ளே 6 சென்டிமீட்டரில் புற்றுநோய்க் கட்டி. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

பழைய கிட்னியை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய இரண்டும் பெரும்பாலும் முதுகுப் பக்கம் சுருங்கிப்போய் அப்படியே கிடக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைப்பார்கள். தம்பிக்கு வலது பக்கம், கை வைத்துப் பார்த்தாலே தட்டுப்படும்.

2023-இல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் போட்டிருந்தார்கள். வயிறு ஸ்கேனும் அதில் உண்டு என்றதும் நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். விலா எலும்புக்குக் கீழே ஜெல் தடவி இரண்டு பக்கமும் பார்த்தார்கள், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "சார், புது கிட்னி இங்க இருக்கு" என்று தம்பி வேட்டியைத் தளர்த்தி, தழும்பையே காட்டியிருக்கிறான். "அது பேக்கேஜ்ல வராதுங்க, தனி பில்" என்று பதில். சரி, ரிப்போர்ட் நன்றாக வந்தால் போதும் என்று வந்துவிட்டோம்.

ரிப்போர்ட்டும் நன்றாகத்தான் வந்தது. வலது சிறுநீரகம் 9.8 சென்டிமீட்டர், இடது 10.1, இரண்டும் இயல்பு. அடிவயிற்றுக் கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினினும் சரியாக இருந்ததால் நிம்மதியாகிவிட்டோம். கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்போதே கிரியாட்டினின் சரியாக இருக்கலாம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் சிறுநீரில் ரத்தம். மாற்று அறுவை செய்த டாக்டரிடமே ஓடினோம். அவர் ஸ்கேன் எடுத்துவிட்டு அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். தம்பியின் சொந்தக் கிட்னிகள் இரண்டும் பல வருடமாகவே 7 சென்டிமீட்டருக்குக் கீழே. அப்படியானால் 9.8 எங்கிருந்து வந்தது? எல்லாருக்கும் அடித்துவைத்திருக்கும் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடித்திருந்தால், பலருக்கு அதை மட்டும் வெட்டியோ சூட்டால் பொசுக்கியோ எடுத்துவிட்டு கிட்னியைக் காப்பாற்ற முடிகிறதாம். தம்பிக்கும் நிச்சயம் முடிந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாய்ப்பு இருந்ததா என்று பார்க்கவே விடாமல் செய்தது அந்தத் தாள்.

அம்மா டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் குடுத்ததுலயே இருந்துச்சாய்யா?" அவர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்து சொன்னார். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் மாதிரி மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கின்றன. அதனால் இவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சிறுநீரகத்தில் வந்தால், விட்டுவைத்த பழைய கிட்னியில் வருவதுதான் அதிகம், பொருத்தியதில் வருவது குறைவு. "11 வருஷம் கழிச்சு வந்தது நீங்க குடுத்தது இல்லம்மா" என்றார். அம்மாவுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள், அவரது கிட்னி சுத்தமாக இருக்கிறது. இருந்தும் அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டதற்கு ஸ்கேன் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். வாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு, அதனால் பில், ரிப்போர்ட் எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

மாத்திரையை மட்டும் யாரும் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், கிட்னியே போய்விடும். உங்கள் வீட்டில் மாற்றுச் சிறுநீரகத்தோடு யாராவது இருந்தால், கடைசியாக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பழையதை எடுக்காமல் விட்டிருந்தால், பழைய இரண்டு, புதியது ஒன்று, ஆக மூன்று கிட்னியின் அளவும் அதில் இருக்க வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் அதை எடுத்துக்கொண்டு உங்கள் சிறுநீரக டாக்டரிடம் போங்கள்.