விழுந்த மண்ணிலா, சொந்த ஊரிலா?

முதல் உலகப்போரில் மடிந்த வீரர்களின் உடல் விஷயத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் நேரெதிர் வழியில் போயின.

வசதியுள்ள சில குடும்பங்கள் மட்டும் சொந்தச் செலவில் உடலை எடுத்துவரத் தொடங்கியதும் பிரிட்டன் தடை போட்டது. போர்க்களத்துக்கு அருகிலேயே அடக்கம். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். அதில் பெயர், படைப்பிரிவுச் சின்னம், அடியில் குடும்பத்தார் தரும் ஒரு வாசகம். அதுவும் 66 எழுத்துகளைத் தாண்டக் கூடாதாம்!

அமெரிக்கா முடிவைக் குடும்பத்திடமே விட்டது. சுமார் 46,000 உடல்கள் கப்பலேறின. ஏறத்தாழ 30,000 பேர் ஐரோப்பாவிலேயே அடக்கமாயினர்.

சமத்துவத்தில் பிரிட்டன் முறை உயர்ந்ததுதான். ஆனால் பிரான்ஸ் போய்வரக் காசில்லாத தாய்க்கு அதனால் என்ன ஆறுதல்? என் ஓட்டு அமெரிக்காவுக்கே. அயல்மண்ணில் மகனை விட்ட தாய்மார்களையும் 1930 முதல் 1933 வரை அரசுச் செலவிலேயே கல்லறைக்கு அழைத்துப்போனார்கள்.