"40 மில்" என்ற வார்த்தையை நம்பி ஏமாந்தேன்: படகுக்குத் தெளிவுத் திரை போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

மோட்டார் யாட்டின் மேல்தட்டில், ஸ்டியரிங்கைச் சுற்றி மழைக்கும் காற்றுக்கும் மறைப்பாகத் தெளிவான பிளாஸ்டிக் திரை போடுவோமே, அதில் நான் ஏமாந்த கதை இது. பழைய திரை மஞ்சள் பூத்துவிட்டதால் மூன்று பேரிடம் விலை கேட்டேன். இருவர் சொன்னது கிட்டத்தட்ட ஒன்று. மூன்றாமவர் சொன்னது அதில் பாதி. அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், மத்தவங்க 30 மில் போடுவாங்க. நான் 40 மில் போடறேன்" என்றார். 40 மில் என்றால் 1 மில்லிமீட்டர். 30 என்றால் முக்கால். தடிமன் கூட, விலை பாதி! உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டையும் கையில் கொடுத்தார். பளிங்கு மாதிரி இருந்தது. அட்வான்ஸை எண்ணி வைத்துவிட்டேன்.

தடிமன் வேறு, தெளிவு வேறு என்பது எனக்கு அன்று தெரியாது. இந்தத் திரைக்குப் பயன்படும் பிளாஸ்டிக்கான கிளியர் வினைல் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று ரோலாகச் சுற்றி வருவது; அதில் அலையலையாக ஒரு நெளிவு இருக்கும். இன்னொன்று, மெருகேற்றிய தகடுகளுக்கு நடுவே சூட்டில் அழுத்தி, தட்டை ஷீட்டாக எடுப்பது. ஸ்ட்ராட்டாகிளாஸ் என்ற பிராண்ட் இந்த ரகம். கீறல் தாங்க மேலே பூச்சும் உண்டு. 40 மில்லில் இரண்டுமே கிடைக்கும். எனக்குக் காட்டியது ஷீட், மாட்டியது ரோல். உள்ளங்கை அளவுத் துண்டில் எந்த நெளிவும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் பயணத்தில், சாயங்காலம், சூரியன் முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சிவப்பு மிதவை. நான் தலையைச் சாய்த்தால் அது இடுப்பை வளைத்தது, நிமிர்ந்தால் நிமிர்ந்தது. சிரிப்பாகத்தான் இருந்தது, அந்த மிதவைக்குப் பக்கத்தில் ஒரு துடுப்புப் படகும் இருக்கிறது என்று தெரியும்வரை. நடு ஸிப்பைத் திறந்து, தலையை வெளியே நீட்டியபடிதான் கரை சேர்ந்தேன். அதற்கு எதற்குத் திரை?

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. படகிலேயே கம்பிச் சட்டத்தின் மேல் டெம்ப்ளேட் (அளவு மாதிரி) விரித்து வரைந்து எடுக்காமல், டேப்பால் அளந்துகொண்டு போயிருந்தார். வினைல் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு குளிர்ந்த காலையில் பட்டன் எட்டவில்லை. இழுத்தேன், பட்டன் துணியோடு பிய்ந்து கையில் வந்தது. சட்டக் குழாய்க்கும் வினைலுக்கும் நடுவே துணிப் பட்டை தைக்கவில்லை. சூடேறிய குழாய் தொட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடு. இரண்டாவது கோடைக்குள் தையல் நூல், நகத்தால் நெம்பினாலே பட்டென்று அறுந்தது. வேறொரு தையல்காரரிடம் காட்டினேன். "இது நைலானுங்க, வெயில் தாங்காது. வெயில் தாங்குற பாலியெஸ்டர் போட்டிருக்கணும், இல்லேன்னா பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) நூல்" என்றார்.

வாரண்டி விஷயத்தில்தான் வயிறு எரிகிறது. "கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே போதும் சார்" என்று வாயால் சொன்னவர் அவர்தான். அப்படியே துடைத்தேன். திரை புகை படிந்த மாதிரி மங்கிப்போனதும் போன் செய்தால், "அமோனியா பட்டிருக்கு சார், அதுக்கு வாரண்டி இல்லை" என்கிறார்! அமோனியா வினைலுக்கு ஆகாது என்பது உண்மை. நல்ல தண்ணீரில் உப்பை அலசிவிட்டு, வினைலுக்கென்று உள்ள கிளீனரை மெல்லிய துணியில் போட்டுத் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பே அரம் மாதிரி கீறிவிடும். இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தால் இன்று வாதாட ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

காசு போனது போகட்டும், இன்னொன்று உயிர் விஷயம். "பின்பக்கம் வேண்டாம் சார், காத்தோட்டமா இருக்கும், செலவும் மிச்சம்" என்றார். மூன்று பக்கம் மூடி, பின்னால் மட்டும் திறந்து ஓடினால், படகின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து எஞ்சின் புகை உள்ளே இழுக்கப்படும். என்னுடையது பெட்ரோல் எஞ்சின். அரை மணி நேரத்தில் மனைவி, "தலை என்னமோ கனமா இருக்குங்க, வாந்தி வர மாதிரி இருக்கு" என்றாள். அலையால் வந்த மயக்கம் என்றே நினைத்தேன். எஞ்சின் புகையில் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நல்லவேளை, வெக்கை தாங்காமல் முன் திரையைத் திறந்தோம். காற்று முன்னிருந்து பின்னால் ஓட ஆரம்பித்ததும் தெளிந்தாள். இப்போது அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் மாட்டியிருக்கிறேன், முன்னால் ஒரு திறப்பு எப்போதும் உண்டு.

குறைந்த செலவில் செய்யவே முடியாதா என்றால், முடியும். இரண்டாவது முறை, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே வரும் மூன்று பலகங்களுக்கு மட்டும் அழுத்திய ஷீட் போட்டேன். பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் ரோல் வினைல்தான். அங்கே நெளிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அக்ரிலிக், பாலிகார்பனேட் தெளிவில் இன்னும் மேல். ஆனால் அக்ரிலிக்கைச் சுருட்ட முடியாது; கழற்றினால் வைக்க இடம் வேண்டும், என் படகில் இல்லை. நூலிலும் ஸிப்பிலும் மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. ஸிப் பெரிய பிளாஸ்டிக் பல் வைத்தது.

இந்தத் தடவை சாம்பிளாக ஒரு கை நீளத் துண்டு கேட்டு வாங்கினேன். அதைச் சாய்த்துப் பிடித்து, அதன் வழியே ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். கம்பி நேராக இருந்தது. ஷீட்டின் பெயர், நூலின் பெயர் இரண்டையும் பில்லில் எழுத வைத்த பிறகே அட்வான்ஸ்.

பழைய 40 மில்லில் ஒரே ஒரு துண்டு உருப்படியாகத் தேறியது. எஞ்சின் அறையில் இறங்கும்போது முழங்காலுக்கு அடியில் விரித்துக்கொள்கிறேன்.