போக்கிமான் கான்க்வெஸ்ட்: ஓயிச்சி விஷயத்தில் எனக்குத் தீராத கோபம்

போன மாதம் என் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான நிண்டெண்டோ டிஎஸ் லைட்டின் டச் ஸ்கிரீனை மாற்ற வேண்டியதாயிற்று. வலது ஓரத்தில் தொட்டால் இடது பக்கம் போய் விழுந்துகொண்டிருந்தது. பழுது பார்த்தவர் புதுத் திரையைப் பொருத்திவிட்டு, "ஏதாவது போட்டு ஒரு பத்து நிமிஷம் பாருங்க" என்றார். பையில் இருந்தது ஒரே கேட்ரிட்ஜ்: போக்கிமான் கான்க்வெஸ்ட். கடை வாசலில் நின்றபடியே முதன்மைக் கதையைத் திரும்பத் தொடங்கினேன். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. அன்று ராத்திரியே நண்பன் ஒருவனிடமிருந்து செய்தி: "மச்சி, அந்த சாமுராய் போக்கிமான் கேம் இன்னும் வச்சிருக்கியா? செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வந்திருக்கு. வாங்கலாமா?"

அவனுக்கு ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. அதனால்தான் இது.

ஆட்டம் எப்படி என்பது பலருக்கும் தெரியும். 2012-இல் வந்தது. கோயெய் (இப்போது கோயெய் டெக்மோ) நிறுவனம் 1983 முதல் நடத்திவரும் 'நோபுனாகாவின் பேராசை' என்ற போர்த்தந்திர விளையாட்டு வரிசையும் போக்கிமானும் சேர்ந்து பெற்ற பிள்ளை. ரான்சேய் என்ற நிலம், அதில் 17 நாடுகள், நாட்டுக்கு ஒரு போக்கிமான் வகை. ஒரு டர்ன் என்றால் ஒரு மாதம். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் வரை. ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரே ஒரு மூவ்தான், அதாவது ஒரே ஒரு தாக்குதல் வித்தை. கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும், ஆடும்போது அதுதான் ருசி. நான்கு மூவ் இருந்தால் எதை விடுவது என்று யோசிப்போம். ஒன்றுதான் என்றால், எந்தக் கட்டத்தில் போய் நிற்பது, எந்தப் பக்கம் பார்த்துத் தாக்குவது என்பதில் முழு மூளையும் போய்விடும். போர் விஷயத்தில் இத்தனை வருடத்தில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை.

என் பேச்சு கதையைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், கதை சொல்ல இந்த ஆட்டம் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கங்களைப் பற்றி.

ஜப்பானின் செங்கோக்கு காலம், அதாவது குறுநிலத் தலைவர்கள் ஒருவரோடொருவர் மோதிய காலம், ரத்தம் தோய்ந்த நூறு வருடங்களுக்கு மேலானது. அதை எடுத்துப் பிள்ளைகள் ஆடும் ஆட்டமாக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: யாரும் சாகக் கூடாது. ரான்சேயில் யாரும் சாவதில்லை. தோற்றவர் பின்வாங்குகிறார், அல்லது சரியான விதத்தில் தோற்கடித்தால் உங்கள் பக்கமே வந்துவிடுகிறார். 1560-இல் ஒகேஹாசாமாவில் ஓடா நோபுனாகா என்ற போர்த்தலைவனின் திடீர்த் தாக்குதலில் உயிர்விட்ட இமாகாவா யோஷிமோட்டோ, இங்கே பூச்சி வகை நாட்டின் வேடிக்கையான தலைவர். 1582-இல் ஹொன்னோஜி கோவிலில் தன் தலைவனான அதே நோபுனாகாவைச் சூழ்ந்து சாகவைத்த அகேச்சி மிட்சுஹிதே, இங்கே பனி நாட்டுக்காரர். நோபுனாகாவும் அவரும் ஒரே நிலத்தில் ஆளுக்கொரு கோட்டையில் நலமாக இருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் இது எனக்குப் பிடிக்கவில்லை. வரலாற்றைப் பல் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உயெசுகி கென்ஷின், தகேடா ஷிங்கென் என்ற இரண்டு போர்த்தலைவர்களின் கதைகளை ஆடிய பிறகு மனம் மாறியது. அந்த இருவரும் 1553 தொடங்கி 1564 வரை கவானகாஜிமாவில் ஐந்து முறை மோதினார்கள். 1561-இல் கென்ஷின் குதிரையில் வந்து வாளை ஓங்க, ஷிங்கென் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் போர் விசிறியால் தடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இன்னொன்று, ஷிங்கெனின் மலைநாட்டுக்கு மற்றவர்கள் உப்பு போகவிடாமல் தடுத்தபோது, எதிரியான கென்ஷின் உப்பு கிடைக்க வழி செய்தார் என்பது. 'எதிரிக்கு உப்பு அனுப்புவது' என்று ஜப்பானியர்கள் இன்றும் பேச்சில் சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு நடந்ததோ, மக்கள் நினைவில் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் கொல்ல நினைத்தவர்களாக இல்லை. ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு வேலையே இல்லை என்பதுபோல இருக்கிறார்கள்.

'யாரும் சாவதில்லை' என்ற வழக்கம் இந்த ஜோடிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒருவரிடம் மியூடூ, இன்னொருவரிடம் க்ரவுடான், இரண்டுமே பலம் மிகுந்த போக்கிமான்கள். மோதுகிறார்கள், தோற்கிறார்கள், மறுபடி மோதுகிறார்கள். முதன்மைக் கதை முடிந்ததும் இப்படித் தனித்தனித் தலைவர்களுக்கான சிறு எபிசோடுகள் முப்பதுக்கும் மேல் திறக்கும். போன கதையில் என் எதிரியாக நின்றவரின் கோட்டைக்குள் இருந்து இந்தக் கதையைத் தொடங்குவேன். போன கதையில் நானாக இருந்தவர் இப்போது எல்லைக்கு அப்பால் நிற்பார். அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பது அப்போதுதான் புரியும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இதைச் செய்தவர்களை மனதாரப் பாராட்டுவேன். வரலாற்றுப் புத்தகம்கூட எல்லார் வீட்டுக்குள்ளும் இப்படி அழைத்துப் போவதில்லை.

சின்னச் சின்னக் குறிப்புகளும் அருமை. நோபுனாகாவின் தளபதியாக இருந்த ஹிதேயோஷியைக் 'குரங்கு' என்று கூப்பிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. ஆட்டத்தில் அவர் கையில் சிம்சார், நெருப்பு வால் குரங்குக் குட்டி. (அவர் மனைவி நேனேவுக்கு நோபுனாகா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் ஹிதேயோஷியை 'வழுக்கை எலி' என்கிறார். எலி போக்கிமானைக் கொடுத்திருந்தாலும் பொருந்தியிருக்கும்.) அப்புறம் ரான்சேயின் வரைபடம். எல்லா நாடுகளையும் பிடிப்பவர் அந்த நிலத்தைப் படைத்த போக்கிமானைக் காண்பார் என்பதுதான் எல்லாரையும் போருக்கு இழுக்கும் பழங்கதை. வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் நிலமே அந்தப் படைத்த போக்கிமானான ஆர்சியஸ் வடிவத்தில் கிடக்கிறது. எனக்கு இது கண்ணில் படவே இரண்டு வருடம் ஆயிற்று. பட்ட அன்று திரையை மூடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

முதன்மைக் கதையில் ஆரோரா நாட்டின் இளம் தலைவர் நாம். கூடவே ஈவீ என்ற போக்கிமான். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பக்கத்திலேயே நிற்பவள் ஓயிச்சி, அவளோடு ஒரு ஜிக்லிபஃப். தலைவருக்குப் பேச்சு கிடையாது. பேசுவதெல்லாம் அவள்தான்: எந்த நாடு எங்கே இருக்கிறது, எந்த வகை எதற்கு அடங்கும், யாரை எப்படிச் சேர்ப்பது. ஓயிச்சி நோபுனாகாவின் சொந்தத் தங்கை. வடகோடியில் டிராக்னார் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நாடு நாடாக விழுங்கும் அந்த மனிதன் அவளுக்கு அண்ணன்.

ஒரு கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணனை எதிர்த்துப் படை நடத்த வேண்டிய தங்கை. ஒவ்வொரு நாட்டைப் பிடிக்கும்போதும் அவள் அண்ணனை நோக்கி ஒரு அடி வைக்கிறாள். இந்தக் கதையின் பாரம் முழுவதும் அவள் தோளில் இருக்கிறது. ஆனால் ஆட்டம் அவளுக்குக் கொடுத்த வேலை வழிகாட்டிப் பலகை. முடிவெடுக்கும் இடத்தில் நிற்பது வாய் பேசாத நாம். பேசாத தலைவன் என்பது போக்கிமான் ஆட்டங்களின் பழைய வழக்கம், ஆடுபவர் தன்னையே அந்த இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. பத்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளையின் கதைக்கு அது சரி. இந்தக் கதையில் எனக்கு அந்த இடமே வேண்டாம். அது அவளுடைய இடம்.

உண்மையான ஓயிச்சியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கோபம் இரண்டு மடங்காயிற்று. அவளை அசாய் நாகமாசாவுக்குக் கட்டிக்கொடுத்தது அரசியல் உறவுக்காக. 1570-இல் நோபுனாகா வடக்கே படையெடுத்துப் போயிருந்த நேரத்தில் நாகமாசா கட்சி மாறினார். அப்போது அவள் அண்ணனுக்குச் சிவப்புப் பயறு நிறைத்த சிறு துணிப்பை ஒன்றை அனுப்பினாள் என்று ஒரு கதை சொல்வார்கள். பையின் இரண்டு முனையும் கயிற்றால் கட்டியிருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. நோபுனாகா பையைப் பார்த்தார், முன்னும் பின்னும் அடைபட்டுவிட்டோம் என்று புரிந்துகொண்டார், பின்வாங்கினார். கதையோ நிஜமோ, ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு தங்கை அனுப்பிய செய்தி இது. அதே அண்ணன் 1573-இல் அசாய் வீட்டை அழித்தார், அவள் கணவன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 1583-இல், இரண்டாவது கணவர் ஷிபாதா கட்சுயியேவோடு கிதானோஷோ கோட்டையில் அவளும் உயிர்விட்டாள். மூன்று மகள்களை மட்டும் வெளியே அனுப்பிவிட்டாள். அந்தக் கோட்டையை முற்றுகையிட்டது யார் தெரியுமா? ஹிதேயோஷி.

இப்போது ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். ஓயிச்சியும் நாமும் முதன்முதலாக வெல்லும் எதிரி அதே ஹிதேயோஷி, பக்கத்து நெருப்பு நாட்டிலிருந்து குரங்குக் குட்டியோடு சிரித்துக்கொண்டு வருகிறார். கிதானோஷோவைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அவரை அவள் தோற்கடிக்கும் ஒரு உலகத்தை இவர்கள் கட்டியிருக்கிறார்கள். அவள் உயிரோடு இருக்கும் உலகம். அது எவ்வளவு பெரிய பரிசு! அதைக் கையில் வைத்துக்கொண்டே, அவளிடம் இருந்து ஒரு வார்த்தை பிடுங்காமல் அடுத்த நாட்டுக்குப் போகச் சொல்கிறது ஆட்டம். யாரும் சாவதில்லை என்ற வழக்கம் ஷிங்கெனுக்கும் கென்ஷினுக்கும் உயிர் கொடுத்தது. ஓயிச்சியிடம் இருந்து அவள் துயரத்தையும் எடுத்துவிட்டது, பதிலுக்கு எதையும் தரவில்லை. ஆடு களமோ கட்டம் கட்டமாகப் பிரித்த நிலம். இரண்டு முனையும் கட்டிய பயறுப் பையை அப்படியே ஒரு போராக்கியிருக்கலாம்: முன்னால் ஒரு படை, பின்னால் ஒரு படை, இத்தனை டர்னுக்குள் வெளியே வந்தாக வேண்டும். ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் இதை நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு திருப்பம் வைத்திருக்கிறார்கள். நோபுனாகா வெறும் கொடியவன் இல்லை. போருக்கெல்லாம் மூலமான அந்தப் பழங்கதைக்கே முடிவு கட்டத்தான் எல்லாரின் வெறுப்பையும் தன் தலையில் வாங்கிக்கொண்டான் என்று தெரியவருகிறது. நல்ல எண்ணம்தான், ஒப்புக்கொள்கிறேன். வரலாற்று நோபுனாகாவை அரக்கன் என்று தள்ளாமல் இருக்க ஒரு மரியாதையான வழி. ஆனால் இந்த உண்மை நம்மை வந்தடையும் விதம் மேலே ஒரு முகம், எதிரே ஒரு முகம், கீழே வரி வரியாக எழுத்து. அவ்வளவுதான். அதுவரை இருபது மணி நேரம் அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு முறையாவது காட்டியிருந்தால், அந்த இடத்தில் என் கண் கலங்கியிருக்கும். காட்டாததால், கேட்டுக்கொண்டு அடுத்த பொத்தானை அழுத்தினேன். பிற்கதைகளில் என்னதான் கொடுத்தாலும், முதன்மைக் கதையில் விட்டது விட்டதுதான்.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எபிசோடு மாறும்போதெல்லாம் சின்ன நிலத்தில் இருந்து திரும்பக் கட்ட வேண்டும். பத்தாவது எபிசோடுக்கு மேல் கை சலித்துவிடும். நாடுகள் பெருகிய பிறகு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரையும் தட்டி வேலை கொடுப்பது பெரும்பாடு. பொறுப்பை ஆட்டத்திடமே ஒப்படைக்கலாம், ஆனால் அது நான் நினைத்தபடி ஆளைப் பழக்காது. டிஎஸ் வைஃபை சேவை 2014 மே 20-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆகவே இணையம் வழியாகக் கிடைத்ததெல்லாம் இனி அந்த வழியில் இல்லை. வாங்குபவர் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கடை வாசலில் அன்று நின்ற அந்த ஒரு மணி நேரத்தை மறைக்க முடியாது. புதுத் திரையில் ஈவீயை ஒரு கட்டம் நகர்த்தி, ஹிதேயோஷியின் சிம்சாருக்குப் பின்பக்கமாகக் கொண்டு நிறுத்தினேன். பக்கத்தில் ஜிக்லிபஃப் வந்து நின்றது. விரல் வைத்த இடத்தில் சரியாக விழுந்தது. பழுது பார்த்தவர் எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றார். "இன்னும் ரெண்டு டர்ன்" என்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நண்பனுக்கு அன்று ராத்திரி "வாங்காதே" என்றுதான் அனுப்பினேன். அவன் சொன்ன விலை அதிகம், அதோடு ஓயிச்சி விஷயத்தில் கோபம் அப்போது உச்சத்தில் இருந்தது. மறுநாள் காலையில் அவன் கேட்டான்: "அப்ப உன்னோடத குடு, ஆடிப் பார்க்கிறேன்." ஷிங்கென் கதை பாதியில் நிற்கிறது, கென்ஷினின் எல்லை வரை வந்துவிட்டேன், இந்த மாதம் தர முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.