நாற்பது டொட் எக்ஸ்வைஇசட்டா, ஆறு டொட் கொம்மா?

பிறகு கூடிய விலைக்கு விற்கலாம் என்று நினைத்து, 2021 நவம்பரில் ஒரே இரவில் 40 டொமைன் பெயர்கள், அதாவது இணையத்தள முகவரிகள், வாங்கினேன். கொழும்பு வெள்ளவத்தையில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு. எல்லாமே டொட் எக்ஸ்வைஇசட் (.xyz) என்று முடிபவை. முதல் வருடச் சலுகையில் ஒன்று ஒன்றரை டொலர். மொத்தம் 60 டொலர், அன்றைய கணக்கில் 12,000 ரூபா. "மச்சான், குப்பை சேர்க்கிறாய். கொஞ்சமாகவாவது டொட் கொம் எடு" என்று நண்பன் நச்சரித்ததால், அவன் வாயை அடைக்க அதே வாரம் 6 டொட் கொம்மும் எடுத்தேன். அது 66 டொலர். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே முதல். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேண்டுமா?

வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். டொட் கொம் 1985 முதல் இருக்கிறது. காலி நகரில் கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். எக்ஸ்வைஇசட் 2014இல் வந்தது. 2015இல் கூகுளின் தாய் நிறுவனமான அல்பபெட் அதில் தன் முகவரியை வைத்ததைப் படித்துவிட்டுத்தான் நான் துள்ளினேன். அவர்கள் வைத்தால் அவர்களுக்குப் பெருமை, நான் வைத்தால் எனக்குச் செலவு என்பது அப்போது உறைக்கவில்லை. டொட் கொம்மில் நல்ல ஒற்றைச் சொற்கள் எப்போதோ போய்விட்டன, இரண்டு சொற்களைச் சேர்த்துத்தான் தேட வேண்டும். எக்ஸ்வைஇசட்டில் அழகான சொற்கள் சும்மா கிடந்தன. சும்மா கிடந்ததற்குக் காரணம் இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானித்தது புதுப்பித்தல் கட்டணம்.

2022 நவம்பரில் கார்ட் கணக்கை மேசையில் பரப்பி வைத்திருந்தபோது அம்மா கேட்டார்: "வீடும் இல்லை, காணியும் இல்லை. எதுக்கு மோனை வருசா வருசம் காசு கட்டுறாய்?" பதில் சொல்லத் தெரியவில்லை. காணி வாங்கினால் உறுதி உங்கள் கையில். புல் முளைத்துக் கிடந்தாலும் உங்களுடையதுதான். டொமைன் அப்படியில்லை, அது குத்தகை. ஒரு தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் கட்டலாம். கட்டாவிட்டால் கைவிட்டுப் போய்விடும்.

எக்ஸ்வைஇசட்டின் இரண்டாம் வருடக் கட்டணம் 13 டொலர். 40 பெயருக்கு 520. டொலர் 200 ரூபாவாகவே இருந்திருந்தாலும் 1,04,000 ரூபா. அதற்குள் டொலர் 360ஐத் தாண்டியிருந்ததால் 1,87,200. போட்ட முதலைப் போலப் பதினைந்து மடங்கு! டொட் கொம் பக்கம் 6 பெயருக்கு 72 டொலர், 25,920 ரூபா. அதுவும் வலித்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. ரூபா விழுந்ததைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ரூபா விழாமல் இருந்திருந்தாலும் அந்த நாற்பதும் என்னைக் கவிழ்த்திருக்கும்.

இதில் பழகியவர்கள் சொல்லும் கணக்கு, 100 பெயர் வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பது. அப்படியானால் விற்கும் அந்த ஒரு பெயர்தான் மற்றப் பெயர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். என் 40 எக்ஸ்வைஇசட்டுக்கு வந்தது ஒரே ஒரு விசாரிப்பு. 20 டொலர் தருவதாகச் சொன்னார். பதில் எழுதினேன், பிறகு ஆளைக் காணவில்லை. 36 பெயர்களைக் காலாவதியாக விட்டேன்.

விடுவதிலும் ஒரு பாடம். தவறுதலாக ஒரு டொட் கொம்மையும் விட்டுவிட்டேன். காலாவதியான பிறகு சில வாரம் சாதாரணக் கட்டணத்திலேயே மீட்கலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதில் தண்டப்பணம் பல மடங்கு. நான் இரண்டாம் கட்டத்தில்தான் விழித்தேன். கட்டவில்லை, போகட்டும் என்று விட்டேன். இன்றைக்கு அதில் யாரோ டியூஷன் வகுப்பு நடத்துகிறார்கள்.

டொட் கொம்மும் மலிந்துகொண்டு போவதில்லை. டொட் கொம்மை நடத்தும் வெரிசைன் நிறுவனம் விற்பனையாளர்களிடம் ஒரு பெயருக்கு வருடத்துக்கு வாங்கும் மொத்த வியாபார விலை 2021இல் 7.85 டொலரிலிருந்து 8.39 ஆனது, 2024 செப்டெம்பரில் 10.26. ஆனால் அந்த ஏற்றத்துக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறது. அறிவித்து ஆறு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அந்த இடைவெளியில் பிடித்த பெயருக்குப் பழைய விலையில் பல வருடத்துக்குக் கட்டிவிடலாம்; நான் இரண்டு பெயருக்கு அப்படிச் செய்தேன். எக்ஸ்வைஇசட் போன்ற புதிய வால்களுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது, முன்னறிவிப்பு மட்டும்தான்.

2023இல் டொட் கொம் ஒன்று 850 டொலருக்குப் போனது. சந்தைத் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொண்டது, கையில் 722 டொலர் ஐம்பது சதம். அப்போது பேபாலில் இங்கே பணம் பெற முடியாது என்பதால் வங்கி வழியாகத்தான் எடுத்தேன். ஒரே ஒரு விற்பனைதான், அதை வைத்து இது பிழைப்புக்கு ஆகும் என்று சொல்ல வரவில்லை. அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

சரி, இலங்கைக்கான டொட் எல்கே? ரூபாவில் கட்டலாம் என்பதே பெரிய நிம்மதி. வாங்குபவர்களும் இங்கேயே இருக்கிறார்கள், ஆனால் கொஞ்சப் பேர்தான். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று; அது இன்னும் விற்கவில்லை. ஆகவே அதைப் பற்றி என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

டொட் இலங்கையிலும் ஒன்று வைத்திருக்கிறேன், அம்மாவின் ஊர்ப் பெயரில், முழுக்கத் தமிழில். வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பினால் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக மாறிப் போகிறது. மாமா அதை வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டார். யாரும் வாங்கப் போவதில்லை என்று தெரியும். போன மாதம் அதற்குக் கட்டியபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தார், எதுவும் கேட்கவில்லை.