ரோபோவை விடுங்கள், கதவுதான் எதிரி

என் கால் பெடல் ரிப்பேர் ஆகி நேற்றுதான் திரும்ப வந்தது. உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்துவிட்டதாம். "இதை வைத்து அப்படி என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டார் பழுது பார்த்தவர். கதவு திறக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. இங்கே விளக்குகிறேன்.

விண்வெளி நிலையம், மூர்க்கமான ரோபோக்கள், கையில் பிளாஸ்மா துப்பாக்கி. சின்னக் குழு செய்த, விலை குறைந்த ஷூட்டர், அதாவது சுட்டு விளையாடும் வீடியோ கேம். இப்போது விலை இன்னும் பாதியாகிவிட்டது, வாங்கலாமா என்று நண்பன் கேட்கிறான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. எனக்கு நரம்புக் காயத்தால் வலது கை விரல்களில் பிடிமானம் இல்லை. 14 மாதமாக இதை விளையாடுகிறேன். இரண்டு தடவை முடித்துவிட்டு மூன்றாவது தடவை போய்க்கொண்டிருக்கிறது.

விளையாடுவது எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில். மாற்றுத்திறனாளிகளுக்காக 2018இல் வந்த சாதனம்; மேலே இரண்டு பெரிய பட்டன்கள், பின்னால் வரிசையாக 3.5 மி.மீ. ஜாக்குகள். ஒவ்வொரு ஜாக்கும் கன்ட்ரோலரின் ஒரு பட்டனுக்குச் சமம். கைக்கோ காலுக்கோ தோதான எந்த சுவிட்சையும் அதில் செருகலாம். நடப்பதற்கு இடது கை, குறி வைக்க வலது மணிக்கட்டால் தள்ளும் ஒரு ஜாய்ஸ்டிக், சுடுவதற்கு முழங்கை. மிச்சமெல்லாம் பெடல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன். நிறங்களை இந்த கேம் கையாண்டிருக்கும் விதம் அபாரம். பல கேம்களில் 'நிறக்குறைபாடு' என்று ஒரு ஃபில்டரைத் தூக்கித் திரை முழுக்கப் பூசிவிடுவார்கள். வானம், சுவர், முகம் எல்லாம் நோய் வந்ததுபோல் ஆகிவிடும். இதில் எதிரி, கூட்டாளி, கேடயம், பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் நாமே நிறம் தேர்ந்தெடுக்கலாம். நிறமே பார்க்க வேண்டாம் என்றால் எதிரியின் தலைமேல் முக்கோணம், கூட்டாளிக்கு வட்டம். நண்பன் என் வீட்டில் அரை மணி நேரம் விளையாடினான். ஒருமுறைகூடக் கூட்டாளியைச் சுடவில்லை. அவனைப் பொறுத்தவரை அது சாதனை.

குறி வைக்கும் உதவி 5 படிகளில் இருக்கிறது. பட்டனைப் பிடித்தே இருக்காமல் ஒரு தட்டில் குறிபார்க்கவும் ஓடவும் முடியும். விளையாட்டின் வேகத்தை 70 சதவீதம் வரை குறைக்கலாம். குறைத்தால் 'சுலப நிலை' என்று முத்திரை குத்திக் கோப்பைகளைப் பூட்டி வைப்பதும் இல்லை. சப்டைட்டில் பெரிதாகிறது, பேசுபவர் பெயரும் வருகிறது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ட்ரோன் ரீங்கரிப்பதற்கு எழுத்திலோ திரையிலோ எந்த அடையாளமும் இல்லை. காது கேளாதவர்கள் அந்த ட்ரோனிடம் செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, கதவு.

இந்த நிலையத்தில் எந்தக் கதவைத் திறக்கவும் எக்ஸ் பட்டனை 4 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு வட்டம் மெதுவாக நிரம்பும். நடுவில் விரல் வழுக்கினால் வட்டம் காலி, மறுபடி முதலிலிருந்து. குறிபார்ப்பதற்கும் ஓடுவதற்கும் கொடுத்த 'ஒரு தட்டு' வசதி இதற்கு மட்டும் இல்லை. அப்டேட்டுகள் வந்தன, புதிய துப்பாக்கி வந்தது, ஹெல்மெட்டுக்குப் பூப்போட்ட டிசைன் வந்தது. கதவு மாறவில்லை. எழுதிக் கேட்டேன், குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. எங்கே குறித்துக்கொண்டார்களோ.

கணினியில் கேம்களை வாங்கி ஓட்டும் ஸ்டீம் செயலியிலேயே ஒரு பட்டனைத் தொட்டால் பிடித்தபடி நிற்குமாறு மாற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். மாற்றிப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால் துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் ரீலோடுக்கும் அதே எக்ஸ் பட்டன்தான். தட்டினால் தோட்டா, பிடித்தால் கதவு. ரீலோட் செய்யத் தொட்டால் பட்டன் பிடித்தபடியே நின்றுவிடுகிறது. சண்டை நடுவில் என் ஆள் பக்கத்துக் கதவைப் பொறுமையாகத் திறந்துகொண்டு நிற்பான். ஒரு பட்டனுக்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டு, இரண்டையும் பிரிக்க வழி விடவில்லை. அதனால்தான் எக்ஸை பெடலுக்கு மாற்றினேன். அதனால்தான் பெடலும் போனது.

நியாயமாகவும் யோசித்துப் பார்த்தேன். கேம்களில் மெதுவாகத் திறக்கும் கதவும் ஊர்ந்து போகும் லிஃப்டும் பல நேரம் அடுத்த இடம் லோட் ஆவதை மறைக்கும் தந்திரம். இதிலும் அப்படி இருக்கலாம். ஆனால் அதற்குக் கதவு 4 விநாடி எடுத்துக்கொண்டால் போதுமே, என் கால் எதற்கு? சின்னக் குழு, பணம் இல்லை என்பதையும் ஏற்க முடியவில்லை. 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேமும் சின்னக் குழு செய்ததுதான். வேகத்தைப் பாதி வரை குறைக்கும் உதவி முறையை அதில் வைத்தார்கள். இங்கேயும் வேகம், நிறம் போன்ற கஷ்டமான வேலையையெல்லாம் செய்து முடித்துவிட்டுச் சுலபமானதில் கோட்டை விட்டிருக்கிறார்கள். எரிச்சலே அதில்தான். மோசமான கேம் என்றால் அன்றைக்கே அழித்துவிட்டுப் போயிருப்பேன்.

நண்பனுக்கு இது பொருத்தமான கேம்தான், தெரியும். அவன் விரல்கள் நன்றாக இருக்கின்றன, நிறம் மட்டும்தான் பிரச்சினை, அதை இவ்வளவு அழகாகத் தீர்த்தவர்கள் குறைவு. ஆனாலும் நேற்று ரிப்பேர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாங்காதே என்றுதான் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அடுத்த வாரம் கேட்கட்டும், பார்க்கலாம்.

பெடலில் புது சுவிட்ச் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. ஒன்பதாவது பகுதியில் இன்னும் 6 கதவுகள் பாக்கி.