ஊர்வலம் யாருடைய பேச்சு? பாஸ்டன் வழக்கின் இரு தீர்ப்புகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஐரிஷ் மக்களின் திருநாளான செயின்ட் பேட்ரிக் நாள் ஊர்வலத்தை 1947 முதல் பல பத்தாண்டுகள் நடத்திவந்தது தெற்கு பாஸ்டனின் முன்னாள் படைவீரர் சங்கங்களின் கூட்டமைப்பு. ஐரிஷ் வம்சாவளித் தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்றுக்கு 1992-இல் இடம் மறுக்கப்பட, அக்குழு நீதிமன்ற ஆணை பெற்று நடந்தது. சுமார் 10,000 பேர் பங்கேற்று, 7,50,000 பேர் வரை வேடிக்கை பார்த்த அந்த ஊர்வலத்தில் அசம்பாவிதம் ஏதும் நிகழவில்லை. மறு ஆண்டும் அனுமதி மறுக்கப்பட்டதால் வழக்கு தொடர்ந்தது.

பாஸ்டன் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீதிமன்றங்கள் ஊர்வலத்தைப் பொதுமக்கள் கூடும் இடமாகவே கருதின. பொது இடங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்பது அவற்றின் முடிவு. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கத் திட்டமான விதிகள் இல்லை, கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைத்தது, 1992 வரை மாநகராட்சியின் முத்திரையும் பணமும் கிடைத்தன. இப்படியிருக்க, அமைப்பாளர்களுக்கென்று தனிக் கருத்து ஏது என்று அவை கேட்டன. நியாயமான கேள்விதான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-இல் இதை ஒருமனதாக மாற்றியது. அணிவகுப்பில் எவை இடம்பெறும் என்று தேர்வதே பேச்சு என்றும், தேர்வு தளர்வாக இருப்பதால் அந்த உரிமை போய்விடாது என்றும் நீதிபதி டேவிட் சூட்டர் எழுதினார். தன்பாலீர்ப்பாளர்கள் பிற குழுக்களோடு நடப்பதை அமைப்பாளர்கள் தடுக்கவில்லை. தனிக் குழுவாக, தமக்கான பதாகையோடு வருவதையே மறுத்தனர். தீர்ப்பின் உயிர்நிலை இந்த வேறுபாடுதான். மாறாக, பெண்களுக்கு முழு உறுப்புரிமை மறுத்த ஜேசீஸ் என்ற இளைஞர் சமூக அமைப்புக்கு எதிராக 1984-இல் இதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அங்கே மறுக்கப்பட்டவர்கள் ஆட்கள், பதாகை அல்ல.

ஊர்வல வழக்கின் இரு தீர்ப்புகளில் எனக்கு உச்ச நீதிமன்றத்தின் விடையே ஏற்புடையது. மாநில நீதிமன்றங்களின் வழியில் போனால், தன்பாலீர்ப்பாளர் பெருமித ஊர்வலத்தில் அவர்களைக் கண்டிக்கும் மதக் குழு ஒன்று தன் பதாகையோடு நடக்க உரிமை கோரலாம். மாசசூசெட்ஸ் சட்டம் மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறதே! ஆனால் பணம் பெற்றுக்கொண்டு யாரையும் அனுமதிக்கும் அரங்கமோ விடுதியோ இந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. அங்கே வாடிக்கையாளரின் வருகை உரிமையாளரின் பேச்சாகிவிடுவதில்லை.

பாஸ்டனில் பிணக்கைத் தீர்த்ததும் நீதிமன்றம் அல்ல. 2014-இல் மேயர் மார்ட்டி வால்ஷ் ஊர்வலத்தைப் புறக்கணித்தார். சாமுவேல் ஆடம்ஸ் பீர் நிறுவனம் நிதியுதவியை நிறுத்தியது. அடுத்த ஆண்டே தன்பாலீர்ப்புப் படைவீரர்களின் குழு தன் பதாகையோடு நடந்தது. அமைப்பாளர்களின் உரிமை இதனால் அணுவளவும் குறையவில்லை. அதைப் பயன்படுத்துவதற்கான விலைதான் ஏறியது.

2023-இல் திருமண இணையதளங்களை வடிவமைக்க விரும்பி, தன்பாலினத் திருமணங்களுக்கு மட்டும் அதைச் செய்ய மறுத்த ஒருவருக்கு ஆதரவாக 6-3 என்று தீர்ப்பளித்தபோதும் உச்ச நீதிமன்றம் இந்த ஊர்வல வழக்கையே முன்னுதாரணமாக வைத்தது. காசுக்குச் செய்து தரும் பணியை ஊர்வலத்தோடு இணைவைத்தது, 1995-இன் குறுகலான தர்க்கத்தை அதன் எல்லை தாண்டி இழுப்பதாகவே எனக்குப் படுகிறது.