டிடிஎஸ் மீட்டரைக் காட்டி ஏமாற்றினார்கள்: வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நாங்கள் இருப்பது ராணிப்பேட்டை பக்கம். மூடிப்போன குரோமேட் தொழிற்சாலையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து கிடப்பதும், மழை பெய்தால் அங்கிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வடிவதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தபோது குரோமியம் என்ற நச்சு உலோகம் வரம்பைத் தாண்டியிருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அதனால்தான் கரைந்த உப்பையும் உலோகத்தையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு மிஷின் வாங்கினோம்.

விற்க வந்தவர் இரண்டு கம்பி வைத்த ஒரு கருவியை எங்கள் போர் தண்ணீரில் விட்டு ஸ்விட்ச் போட்டார். இரண்டு நிமிடத்தில் டம்ளர் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகச் சேறு. அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "பாருங்கம்மா, இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்தச் சேறு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள், அதுவும் சேறாகிவிடும்.

ஆனாலும் மிஷின் ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகத்தான் ஓடியது. பெரிய ஏமாற்று அதற்குப் பிறகு, சர்வீஸில் நடந்தது.

மெம்பரேன் (உப்பையும் உலோகத்தையும் தடுக்கும் மெல்லிய சவ்வு வடிகட்டி, ஆர்.ஓ.வின் உயிரே அதுதான்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சர்வீஸ்காரர் 2,800 ரூபாய் வாங்கினார். வேலை முடிந்ததும் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை (டிடிஎஸ்) காட்டும் மீட்டரை விட்டுக் காட்டினார்: 380. முன்பு 70, 80 என்றுதானே காட்டும் என்று கேட்டேன். "ரொம்பக் குறைந்தால் மினரல் இருக்காதும்மா, அதனால் நான்தான் கூட்டி வைத்திருக்கிறேன். 500 வரைக்கும் கவர்ன்மெண்டே அனுமதிக்குது" என்றார். 500 என்பது உண்மையான கணக்குதான் என்பதால் நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து என் சித்தப்பா மகன் வந்திருந்தான். தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவன், மெம்பரேனோடுதான் அவனுக்கு தினமும் பிழைப்பு. தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தத் தண்ணீர் சரியில்லை" என்று மூடியைக் கழற்றினான். உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு சின்னத் திருகு. டிடிஎஸ் கன்ட்ரோலர் என்கிறார்கள். மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும் வழி அது. எங்கள் மிஷினில் அது பாதி திறந்திருந்தது. மினரல் என்று அவர் சொன்னது எங்கள் போர் தண்ணீரைத்தான், குரோமியத்தோடு சேர்த்து.

திருகை முழுக்க மூடினான். மீட்டர் 260-க்கு வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம் மெம்பரேன் குழாயைத் திறந்து, கட்டிங் பிளேயரால் உள்ளே இருந்ததைப் பிடித்து இழுத்தான். பழுப்பேறி, நுனியெல்லாம் வழவழவென்று பாசி பிடித்து, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். நான்கு மாதத்துக்கு முன் போட்ட புதுசு அல்ல, முதலில் இருந்த அதே பழசு. மாற்றவே இல்லை. கடையில் வாங்கி வந்து புதிதாகப் போட்டதும் மீட்டர் 65 காட்டியது.

டிடிஎஸ் மீட்டர் உலோகத்தைத் தனியாகக் காட்டவே காட்டாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, மொத்த உப்பைத் தோராயமாகச் சொல்வதுதான் அதன் வேலை. எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் 1,400. அதற்குள் 0.1 மில்லிகிராம் குரோமியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டரில் ஒரு எண்கூட மாறாது. எண் 500-க்குள் இருக்கிறது, அதனால் நல்ல தண்ணீர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மெம்பரேன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது உதவும். உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் அளந்து, நூற்றுக்குத் தொண்ணூறாவது குறைகிறதா என்று பாருங்கள். குரோமியம், ஈயம், ஆர்சனிக் என்று எதற்குப் பயப்படுகிறீர்களோ அதன் பெயரைச் சொல்லித்தான் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஆர்.ஓ. என்று சொல்லி விற்றதைப் பிரித்துப் பார்த்தால் வெறும் யூ.எஃப்., அதாவது ஆர்.ஓ.வை விடப் பெரிய துளை கொண்ட வடிகட்டி. அது கிருமியையும் கலங்கலையும் பிடிக்கும், கரைந்திருக்கும் உலோகத்தைப் பிடிக்காது. சரியான ஆர்.ஓ. என்றால் கழிவுத் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் கட்டாயம் இருக்கும், அவர்கள் மிஷினில் அது இல்லை.

மெம்பரேன் மாற்ற ஆள் வந்தால் கூடவே நில்லுங்கள். பழசைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், புது உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், மெம்பரேன் மேல் மார்க்கரால் தேதி எழுதிய பிறகே உள்ளே போட விடுங்கள். கன்ட்ரோலர் திருகு எங்கே இருக்கிறது என்று கேட்டு, மூடச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை. ஜிபேயில் அனுப்பிய 2,800 ரூபாய் மட்டும்தான் கையில் இருக்கும் ஆதாரம். அதையும், பழைய மெம்பரேனின் போட்டோவையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அந்த மெம்பரேனைப் பாலிதீன் பையில் கட்டி மாடியில் வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டும். பதில் வந்ததும் இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.